ஆத்தா உட்கார்ந்த மிஷின்

எண்பதுகளின் தொடக்கத்தில் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் மொத்தம் எத்தனை வெல்டிங் பட்டறைகள் இருந்தன என்று யாராவது ஆராய்ச்சி செய்ய நினைத்தால் தெருத்தெருவாக அலைய வேண்டியதில்லை. ஹோல்டர் எத்தனை இடத்தில் சண்டை போட்டுவிட்டு வெளியே வந்தார் என்று எண்ணினால் போதும். ஒரு பட்டறைகூட விட்டுப்போகாது.

வீட்டில் வைத்த பெயர் அவருக்கு ஒன்று இருந்திருக்கும். யாரும் கேட்டதில்லை. வெல்டிங் ராடைக் கவ்விப் பிடிக்கும் கைப்பிடிக்குத்தான் ஹோல்டர் என்று பெயர். பனையேறுகிறவர் பாளைக்கத்தியைச் செருகிக்கொள்வதுபோல அவர் அதை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவார். டீக்கடைக்கும் அதோடுதான், சினிமாவுக்கும் அதோடுதான். கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் அதை உருவித் தொடையருகே வைத்துக்கொள்வார். பக்கத்து இலைக்காரர் பாயசத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு எழுந்துபோவார்.

"மிஷினு மொதலாளிது, வயரு மொதலாளிது, கண்ணாடி மொதலாளிது. இது மட்டும் என்னுது சார்" என்பார்.

நான் அப்போது திண்டிவனத்தில் ஒரு லாரி புக்கிங் ஆபீசில் குமாஸ்தா. ரயில்வே கேட்டை ஒட்டிய லைன் வீட்டில் அவருக்கும் எனக்கும் அடுத்தடுத்த அறை. நடுவில் இருந்தது ஒற்றைச் செங்கல் சுவர். தூக்கத்திலும் அவர் முதலாளிகளோடு வழக்காடுவார். யார் பக்கம் நியாயம் என்று இந்தப் பக்கம் படுத்துக்கொண்டே நான் தீர்ப்புச் சொல்லிப் பழகியிருந்தேன்.

விழுப்புரத்தில் ஒரு பட்டறை முதலாளி. தங்கமான மனிதர். ஒரே ஒரு கெட்ட பழக்கம். தன் இரும்பு நாற்காலியை இழுத்துவந்து வெல்டரின் முதுகுக்குப் பின்னால் போட்டுக்கொண்டு, "மெதுவா... மெதுவா... அங்க ஒண்ணு உட்டுட்ட பாரு" என்று நாள் முழுக்க ஓதிக்கொண்டிருப்பார். நான்காம் நாள் அவர் சாப்பிடப் போன நேரத்தில், தரையில் பதித்திருந்த தண்டவாளத்தோடு நாற்காலியின் நான்கு காலையும் சேர்த்து ஹோல்டர் வெல்டு வைத்துவிட்டார். ஏப்பம் விட்டபடி வந்த முதலாளி நாற்காலியை இழுத்தார். மறுபடி இழுத்தார். பிறகு இரண்டு ஆட்களைக் கூப்பிட்டு இழுத்தார்.

"எவன்டா பண்ணது இது?"

"நாந்தான். நல்லா இழுங்க. வந்துட்டா என் கைய வெட்டிக்கிறேன்."

வரவில்லை. வேலை போயிற்று. பட்டறையையே வேறு தெருவுக்கு மாற்றியபோதும் அந்த நாற்காலி மட்டும் பழைய இடத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததாம்.

திண்டிவனத்தில் இன்னொரு பட்டறை. கல்யாண வீட்டுக்கு ஒரு இரும்பு கேட். முகூர்த்தம் நெருங்கிவிட்டதால், "சும்மா நாலு பொட்டு வச்சு அனுப்பிச்சுடுப்பா" என்றார் முதலாளி. பொட்டு வைத்து அனுப்புவது பெண்ணுக்குச் செய்கிற காரியம், இரும்புக்கு முழு ஜாயின்ட் அடிக்க வேண்டும் என்பது ஹோல்டரின் கட்சி. அவர் முழு ஜாயின்ட் அடித்து முடிப்பதற்குள் கல்யாணம் முடிந்து, மாப்பிள்ளை வீட்டார் திறந்த வாசல் வழியாகவே வந்து சாப்பிட்டுவிட்டுத் திறந்த வாசல் வழியாகவே போய்விட்டார்கள். மூன்றாவது பட்டறையில் அரை நாள். "வா" என்றாராம் முதலாளி. "வாங்க" என்று சொல்லவில்லையாம்.

இப்படியாக, நாற்பதைத் தொடும் வயதில், இரண்டு ஊரிலும் ஒரு வாசல்கூட மிச்சமில்லாத வெல்டர் ஆனார். எங்கள் ஆபீசுக்கு மூட்டை தூக்க வந்தார். லாரியிலிருந்து உர மூட்டையை இறக்கிவிட்டு, சாயங்காலம் தன் வலது கையை நீட்டி அதையே பார்த்துக்கொண்டு நிற்பார். விரல்கள் வேப்பிலைபோல ஆடும்.

"பாத்தீங்களா சார்? மூட்டை தூக்குன கை ஆடுது. ஆடுற கை வெல்டு அடிக்காது. இன்னொரு வருசம் இப்படியே போச்சுன்னா இந்தக் கை அவ்ளோதான்."

"யாராவது ஒரு முதலாளி காலில் விழுந்துடுங்களேன்."

"அதுக்கு மூட்டையே தேவல. எனக்குன்னு ஒரு மிஷினு வேணும் சார். ஒருத்தன் என் பின்னாடி நிக்கக்கூடாது. ஒருத்தன் வாயும் எனக்கு வேணாம். நானு, நெருப்பு. அவ்ளோதான்."

உலகத்தில் துறவிகள் பலவகை. கையில் ஹோல்டரோடு துறவு கேட்டவரை நான் அங்கேதான் பார்த்தேன்.

ஒரு நாள், வழிதவறிப் போன உர மூட்டைகளை விசாரிக்க மயிலத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்துக்குப் போனேன். மல்லாட்டை என்கிற வேர்க்கடலை வயலுக்கு நடுவே ஒரு வேப்பமரம். அதன் கீழே ஆளுயரப் புற்று. மஞ்சள், குங்குமம், வாடிய மாலை, முட்டை ஓடு. எல்லாம் முறைப்படிதான் இருந்தது. ஆனால் புற்றின் பின்பக்கத்திலிருந்து ஒரு முழ நீளத்துக்குத் துருப்பிடித்த குழாய் ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. பாரபட்சம் இல்லாமல் அதற்கும் பொட்டு வைத்திருந்தார்கள்.

அன்று சாயங்காலம் இதை ஒரு வேடிக்கையாக ஹோல்டரிடம் சொன்னேன். கேப்பைக் களியை உருட்டிக்கொண்டிருந்த கை வாய்க்குப் பாதி வழியில் நின்றது.

"கொழா எத்தினி மொத்தம்?"

"என் மணிக்கட்டுத் தடிமன்."

"அது கொழா இல்ல சார். சைலன்சரு." களியைத் தட்டில் போட்டார். "பாயோட மிஷினு சார் அது!"

அந்தப் பாய் யார் என்பதை அவர் மூச்சுவிடாமல் சொன்னார். கோட்டக்குப்பத்துக்காரர். யுத்தம் முடிந்து விமானச் சாமான்கள் பழைய இரும்பாகக் கிலோ விலைக்கு வந்த காலத்தில், ஒரு விமான ஜெனரேட்டரை வாங்கி, காயலான் கடையில் கிடந்த ஒரு கார் எஞ்சினை அதோடு பெல்ட் போட்டுக் கட்டி, இரண்டையும் ஒரு இரும்புச் சட்டத்தில் ஏற்றி, கரண்ட்டே வராத காட்டில் வெல்டு வைத்தவர். மாட்டு வண்டியில் மிஷினோடு ஊர் ஊராகப் போவாராம். உடைந்த கலப்பையோடு ஜனம் வரப்பில் காத்திருக்குமாம். பிறகு பாய் வெளிநாடு போனார். மிஷினை யார் வயலிலோ விட்டுவிட்டு, "வந்து எடுத்துக்குறேன்" என்றார். வரவில்லை. தொழிலில் உள்ள எல்லோரும் கேள்விப்பட்ட மிஷின், ஒருவரும் கண்டதில்லை.

"புக்கிங் ஆபீஸ் குமாஸ்தா கண்ணுல மாட்டியிருக்குது பாருங்க" என்றார். வாழ்த்தா வசவா என்று இன்றுவரை தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை இருவரும் போனோம். வேப்பமரத்தடியில் கற்பூரமும் முட்டையும் வைத்துக்கொண்டு ஒரு அம்மாள் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை. ஐம்பது வயசு இருக்கும். புருஷன் போய் வெகுகாலம். வயலும் அவருடையது, புற்றும் அவருடையது. மிஷின் விஷயத்தை எப்படி ஆரம்பிப்பது என்று நான் பஸ் முழுக்க வாக்கியம் அமைத்து வைத்திருந்தேன். ஹோல்டர் அதற்கெல்லாம் இடம் தரவில்லை.

"யக்கா, இந்தப் புத்துக்குள்ள ஒரு வெல்டிங் மிஷினு கெடக்குது. எனக்குக் குடு."

அஞ்சலை அசரவில்லை. "கெடக்குதுன்னு எனக்குத் தெரியாதா? எங்க மாமனாருதான் மழைக்கு நனையுதேன்னு மேல கீத்து போட்டு மூடுனாரு. அது மேலதான் ஆத்தா வந்து உக்காந்தா. உக்காந்தவள எழுந்திரின்னு சொல்ல நான் யாருப்பா?"

"நான் சொல்றேன்."

"நீ சொல்லக்கூடாது. கேக்கணும்."

கேட்பது என்றால் பூ கேட்பது. ஒரு இலையில் வெள்ளைப் பூ, இன்னொரு இலையில் சிவப்புப் பூ. இரண்டையும் மடித்துப் புற்றின் முன் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை என்றால் சம்மதம். சிவப்பு என்றால் மூச்சுவிடக் கூடாது. அஞ்சலை மடித்துப் போட்டார். ஹோல்டர் எடுத்தார். சிவப்பு. மறுபடி எடுத்தார். சிவப்பு. மூன்றாவது முறை, கண்ணை மூடாமல் எடுத்தார். அதுவும் சிவப்பு.

"ஆத்தா முடியாதுங்கறா" என்றார் அஞ்சலை.

"காரணம் சொல்லுச்சா? சொல்லாது. எல்லா மொதலாளியும் இப்படித்தான்." புற்றைப் பார்த்துச் சொல்லிவிட்டு, புற்றிடமே கோபித்துக்கொண்டு வரப்பில் இறங்கி நடந்தார்.

ஆத்தாவோடும் சண்டை போட்டாகிவிட்டது. இனிச் சண்டை போட ஆள் இல்லை என்ற நிலையில் அவருக்கு ஒரு யோசனை வந்தது.

"அமாவாசைக்கு ஊரே மேல்மலையனூரு அங்காளம்மனுக்குப் போயிடும் சார். புத்தாண்ட ஒரு ஈ காக்கா இருக்காது. மத்தியானமே போனா ஜல்தியா முடிச்சிட்டு வந்துடலாம்."

"இது திருட்டு இல்லையா?"

"மீட்பு சார்."

மீட்புக்கு நானும் போனேன். வாழ்க்கையில் நான் எதற்குமே 'மாட்டேன்' என்று சொல்லிப் பழகாதவன். அமாவாசை மத்தியானம், தோளில் கடப்பாரை, மண்வெட்டி, தாம்புக்கயிறோடு போய்ச் சேர்ந்தோம். கணக்கு சரிதான். ஊர் மேல்மலையனூருக்குக் கிளம்பியிருந்தது. ஆனால் பஸ்ஸில் இடம் வேண்டுமே? ஏற முடியாமல் போன அத்தனை பேரும், 'அங்க போனா என்ன, இங்க போனா என்ன, ரெண்டும் அவதான்' என்று புற்றுக்கு வந்து உட்கார்ந்திருந்தார்கள். ஐம்பது அறுபது பேர். நடுவில் கடப்பாரையோடு நாங்கள்.

ஒரு பெரியவர் ஹோல்டரை ஏற இறங்கப் பார்த்தார். "கடப்பாரை எதுக்குப்பா?"

"வேண்டுதலு."

"அப்படியா? முன்னாடி போ, வழி உடுங்கப்பா, வேண்டுதலு!"

கூட்டம் பிளந்து வழிவிட்டது. கடப்பாரைக்கும் பொட்டு வைத்தார்கள். ஹோல்டர் நெற்றியில் திருநீற்றை அள்ளிப் பூசினார்கள். அவர் அசையவும் முடியாமல், ஆத்தாவுக்குப் பக்கத்தில் இன்னொரு ஆத்தாபோல நின்றார். பின்னால் நின்ற நான் சுண்டல் வாங்கிக்கொண்டேன்.

அப்போதுதான் ஒரு கரும்புக்காரர் புற்றின் முன் விழுந்து அழுதார். "ஆத்தா, வண்டி நெறைய கரும்பு நடு வயல்ல நிக்குது. கொக்கி முறிஞ்சிபோச்சி. ரெண்டு நாளா திண்டிவனத்துல கரண்ட்டு இல்ல, எவனும் வெல்டு அடிச்சித் தரமாட்டேங்கறான். கரும்பு காயுது ஆத்தா. நீதான் வழி காட்டணும்."

ஹோல்டரின் முகத்தை நான் பார்த்தேன். திருநீற்றுக்கு அடியில் என்னவோ கொதித்தது. பொய் சொல்லி உள்ளே நுழைந்தவர், அத்தனை பேர் முன்னால் உண்மையை உடைத்தார்.

"யோவ், வழி அவ காலடியிலதான்யா கெடக்குது! ஆத்தா உக்காந்துக்கினு இருக்கறதே வெல்டிங் மிஷினு மேலதான். கரண்ட்டே வேணாத மிஷினு. நான் அதத் தோண்டத்தான் வந்தேன். வேண்டுதலும் இல்ல, ஒண்ணும் இல்ல."

அடி விழப்போகிறது என்று சுண்டலை விழுங்கினேன். புற்றைத் தொட்டால் கண் போகும் என்றது பாதிக் கூட்டம். கரும்பு காய்கிறதே என்றது மீதி. கடைசியில் எல்லோரும் அஞ்சலையைப் பார்த்தார்கள். அவர் எழுந்தார். புடவைத் தலைப்பை இழுத்துச் செருகினார். எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு இரண்டு இலைகளை மடித்தார். புற்றின் முன்னால் போட்டார்.

"எடு."

ஹோல்டர் கண்ணை இறுக மூடிக்கொண்டு எடுத்தார். வெள்ளை.

கூட்டம் குலவையிட்டது. அந்தச் சந்தடியில் தரையில் கிடந்த மற்ற இலையை நான் காலால் ஒதுக்கி, குனிந்து, பிரித்துப் பார்த்தேன். அதிலும் வெள்ளை. நிமிர்ந்தால் அஞ்சலை என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். இலையை மடித்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். ஆத்தாவின் முடிவில் தலையிட நான் யார்?

ஆனால் அஞ்சலை நிபந்தனை போட்டார். "புத்துல ஒரு கட்டி உதிரக்கூடாது. ஆத்தாவுக்குத் தெரியாம, அவ மடிக்குக் கீழ இருந்து எடுக்கணும். உள்ள அது வேற கீது, நாகம். நான் சொன்னாத்தான் கைய உடணும். நான் சொன்னா எடுக்கணும். சம்மதமா?"

எந்த முதலாளியும் போடாத நிபந்தனை. இதில் பாதிக்குக்கூட அவர் சம்மதித்து நான் பார்த்ததில்லை.

"சரிக்கா" என்றார். நான் காதைத் தேய்த்துக்கொண்டேன்.

பின்பக்கம் ஒரு பள்ளம் வெட்டினார். அதில் மல்லாந்து படுத்துக்கொண்டு, புற்றுக்கு அடியில் கையை விட்டு, கண்ணுக்குத் தெரியாத போல்ட்டைத் தொட்டுத் தொட்டுக் கழற்றினார். மருத்துவச்சி வேலை. அஞ்சலை புற்றின் மேல்கண்ணில் காதை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

"இப்ப வேணாம். மூச்சு கேக்குது."

கை வெளியே வரும்.

"ம். ஆழமாப் போயிட்டுது. உடு."

கை உள்ளே போகும்.

"எடு, எடு, எடு!"

இப்படி மூன்று வாரம். அந்த நாகத்தை நான் ஒருநாளும் பார்க்கவில்லை. அஞ்சலைக்குக் கேட்டது, அது போதுமானதாக இருந்தது. மண் எஞ்சினைக் கருவைப்போலப் பொத்தி வைத்திருந்தது. ஜெனரேட்டர் வந்தது. எஞ்சின் வந்தது. பனங்கட்டைமேல் உருட்டி, மாடு கட்டி இழுத்தார்கள். இரும்புச் சட்டத்தை மட்டும் ஹோல்டர் உள்ளேயே விட்டுவிட்டார். ஆத்தா உட்கார ஏதாவது வேண்டும் இல்லையா? புற்று ஒரு கட்டி உதிராமல் அப்படியே நின்றது. 'மிஷின் கொடுத்த ஆத்தா' என்று பெயர் பரவி, கூட்டம் முன்னிலும் கூடியது.

அஞ்சலையின் மோட்டார் கொட்டகையில் பழுதுபார்க்கும் படலம் தொடங்கியது. சிலிண்டருக்குள் கறையான் மண் செங்கல்லாக இறுகியிருந்தது. பிஸ்டன் அசையவில்லை. ஆமணக்கெண்ணெயை ஊற்றி ஊறவைத்தார். அஞ்சலைக்கு வயிறு எரிந்தது. "புள்ள பெத்தவளுக்குக்கூட இவ்ளோ எண்ண ஊத்தலடா நாங்க!" ஒன்பதாம் நாள், கட்டையை வைத்துச் சுத்தியலால் மெல்லத் தட்டியதும், முனகிக்கொண்டு ஒரு பிஸ்டன் இறங்கியது. நான் கைதட்டினேன். மற்ற மூன்றும் என்னை முறைத்தன.

ஜெனரேட்டருக்குள் எலி குடும்பம் நடத்தியிருந்தது. காயிலை வெயிலில் காயவைத்து வார்னிஷ் பூசினார். கரண்ட்டை வெளியே எடுத்துத் தரும் கார்பன் கட்டை தேய்ந்து ஒன்றுமில்லாமல் போயிருந்தது. லாரியின் செல்ஃப் மோட்டாரிலிருந்து கார்பனை எடுத்து, உரசி உரசி அளவாக்கிப் போட்டார். மூட்டை தூக்கிய கையின் நடுக்கம் இதற்கிடையில் எப்போது நின்றது என்று நான் கவனிக்கவில்லை.

கடைசியில் ஒரு காலை, பெட்ரோலில் கிளப்பி மண்ணெண்ணெய்க்குத் திருப்பியதும், எஞ்சின் ஓடியது. மயிலம் மலையில் இருந்த குரங்குகளுக்குக் கேட்டிருக்கும். வரப்பில் மேய்ந்த ஆடுகள் அடுத்த ஊரில்தான் நின்றன. ஹோல்டர் தன் இடுப்பிலிருந்து ஹோல்டரை உருவி, ராடைச் செருகி, இரும்பில் உரசினார்.

ஒன்றுமில்லை. நெருப்பு இல்லை. ஒரு பொறிகூட இல்லை.

ஒரு வாரம் எல்லாவற்றையும் மறுபடி பிரித்தார். சாப்பிடவில்லை. யாரோடும் சண்டை போடவில்லை என்றால் நிலைமை எவ்வளவு மோசம் என்று தெரிந்துகொள்ளுங்கள். எட்டாம் நாள் என்னிடம் வந்து ரகசியம்போலச் சொன்னார்:

"மறந்துட்டுது சார்."

"எது?"

"ஜெனரேட்டரு. உள்ள இருக்கற இரும்புல துளி காந்தம் மிச்சம் இருந்தாத்தான் சார் அது கரண்ட்டு எடுக்கும். அந்தத் துளியப் புடிச்சிக்கினுதான் மேல ஏறும். இவ்ளோ வருசம் மண்ணுக்குள்ள சும்மா கெடந்துதா, மொத்தமா மறந்துட்டுது. எவ்ளோ சுத்துனாலும் வராது. ஒருவாட்டி ஞாபகப்படுத்தணும்."

ஒரு டிராக்டர் பேட்டரியைக் கொண்டுவந்தார். அதன் வயரை ஜெனரேட்டரின் காயிலில் ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, தொட்டு எடுத்தார். அவ்வளவுதான். அடுத்து எஞ்சினைக் கிளப்பி ராடை உரசியதும் பகலில் இன்னொரு பகல் பிறந்தது.

நான் அதற்குமுன் எத்தனையோ பேர் ஞாபகத்தைப் பற்றிப் பேசக் கேட்டிருக்கிறேன். அதை வயரில் பிடித்து, தொட்டு எடுத்துக் காட்டியவர் அவர் ஒருவர்தான். துளி மிச்சம் வேண்டும், அல்லது யாராவது வந்து தொட வேண்டும். சும்மா சுழன்றால் வெறும் காற்று. இதைச் சொன்னபோது ஹோல்டர், "கொஞ்சம் தள்ளி நில்லுங்க சார், கண்ணு போயிடும்" என்றார்.

பிறகுதான் பேஜாரு ஆரம்பித்தது.

பாயின் மிஷினுக்கு ஒரு குணம். ராடு இரும்பைத் தொட்டு நெருப்பு பிடித்த நொடியில் பாரம் தாங்காமல் எஞ்சின் திணறும். கடை மிஷினில் அதைத் தானே கவனித்து வேகம் கூட்ட ஒரு ஏற்பாடு இருக்கும். பாய் அதைச் செய்யவில்லை. அதற்குப் பதில், காலால் மிதிக்க ஒரு கட்டை வைத்திருந்தார். எஞ்சின் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு ஒருவர் ரேஸ் கொடுக்க வேண்டும், இன்னொருவர் வெல்டு அடிக்க வேண்டும். கூடினால் இரும்பில் ஓட்டை. குறைந்தால் ராடு ஒட்டிக்கொள்ளும். ஒருவர் வாயும் வேண்டாம் என்று தவமிருந்தவருக்கு வாய்த்தது, இரண்டு பேர் மிஷின்!

முதலில் அவர் இதை ஒத்துக்கொள்ளவில்லை. கட்டைமேல் கருங்கல்லை வைத்தார். கரும்புக்காரர் ஒரு மண்வெட்டியோடு முதல் கிராக்கியாக வந்திருந்தார் (அவருடைய வண்டிக் கொக்கி, கரண்ட் வந்து, என்றைக்கோ திண்டிவனத்தில் சரியாகியிருந்தது, மரியாதைக்காகத்தான் மண்வெட்டி). கருங்கல் கொடுத்த வேகத்தில் மண்வெட்டி சல்லடை ஆயிற்று. அடுத்து, ரேஸ் கம்பியில் கயிறு கட்டி அதைத் தன் கால் பெருவிரலில் மாட்டிக்கொண்டார். நெருப்பு பிடித்ததும் விரலை இழுக்க வேண்டும். இழுத்தார். எஞ்சின் பாய்ந்தது. மேலே பறந்த பொறியொன்று திரும்பி அதே விரலில் விழுந்தது. அவர் துள்ளினார். துள்ளியதில் கயிறு இன்னும் இழுபட்டது. எஞ்சின் இன்னும் பாய்ந்தது. இன்னும் பொறி. மனிதரும் எஞ்சினும் ஒருவரை ஒருவர் ஓட்டிக்கொண்டு கொட்டகைக்குள் ஆடிய அந்த ஆட்டத்தை, கரும்புக்காரர் சாமி வந்ததாக நினைத்துக் கும்பிட்டார்.

அப்புறம் என்னை உட்காரவைத்தார். "ரேஸு!" என்பார். மிதிப்பேன். "கம்மி!" என்பார். அதற்குள் இரும்பு உருகி ஒழுகியிருக்கும். "சார், நீங்க காதுல கேக்கறீங்களா, இல்ல தபால்ல வருதா?"

கொட்டகை வாசலில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்த அஞ்சலைக்குப் பொறுக்கவில்லை. முறத்தைக் கீழே வைத்தார்.

"எழுந்திரு தம்பி. அது அந்த மூச்சு வாங்குது, நீ இன்னா பராக்கு பாத்துக்கினு கீற?"

உட்கார்ந்தார். தலையை ஒரு பக்கம் சாய்த்தார். புற்றின் மேல் சாய்த்த அதே காது. ஹோல்டர் ராடை நீட்டினார். நெருப்பு பிடிக்கும் அந்த இமைப்பொழுதுக்கு முன்பே கால் அழுந்தியது. எஞ்சின் திணறவே இல்லை. சல்லடையான மண்வெட்டியின் மிஞ்சிய விளிம்பில் வெல்டு, மீன் செதில்போல, ஒன்றன்மேல் ஒன்றாகப் படிந்துகொண்டே போனது. ஹோல்டர் முகக்கண்ணாடியைத் தூக்கினார். நெடுநேரம் அதையே பார்த்தார். பேசியது அஞ்சலைதான்.

"கடைசில நீட்டிட்ட. நெருப்பு நீண்டுபோச்சி, எனக்குக் கேட்டுது. திரும்ப அடி."

விழுப்புரத்து நாற்காலி என் நினைவில் வந்து போனது. அஞ்சலை உட்கார்ந்திருந்த முக்காலியின் காலை ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

"சரிக்கா" என்றார் ஹோல்டர். திரும்ப அடித்தார்.

அதற்குப் பிறகு மிஷினுக்குச் சக்கரம் வந்தது. டிராக்டர் பின்னால் கட்டிக்கொண்டு வயல் வயலாகப் போனார்கள். முன்னால் கண்ணாடியோடு ஹோல்டர், பின்னால் எஞ்சின் பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டு அஞ்சலை. எஞ்சின் சத்தத்தை மீறித் திட்டுவார். "கைய தூக்காத! தூக்காதன்றேன்! ஏன்டா இப்படி உசுர வாங்கற?" மயிலத்திலிருந்து கண்டாச்சிபுரம் வரைக்கும், உடைந்த ஏர்கொழுவோடு நின்ற ஜனம் வேலையைவிட அந்தத் திட்டுக்காகவே கூடியது. மூட்டை தூக்க அவர் அப்புறம் வரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் என் அறைக்கு வந்து, "தாங்க முடியல சார் அந்தம்மா வாயி" என்று ஒரு மணி நேரம் குறை சொல்லிவிட்டுப் போவார். முதலாளிகளைப் பற்றிய குறைகளைச் சுவரில் குத்துவதுபோலச் சொல்வார். இதை, பண்டிகைக்கு வந்த பலகாரத்தைப்பற்றிச் சொல்வதுபோலச் சொன்னார்.

ஒரு வருஷம் கழித்து விழுப்புரத்திலிருந்து ஆள் வந்தது, என் ஆபீஸ் வழியாக. அங்கே ஒருவர் புதுப் பட்டறை வைத்திருந்தார். புது கரண்ட் மிஷின். முதலாளி வெளியூரில் இருப்பார், மாதம் ஒருமுறைதான் வருவார். பட்டறைச் சாவி ஹோல்டர் கையில். 'உன் பின்னாடி ஒருத்தனும் நிக்கமாட்டான்' என்று வாக்கு. எதை அத்தனை வருஷம் தூக்கத்தில் வழக்காடிக் கேட்டாரோ, அது அப்படியே தட்டில் வந்தது.

அவருக்காக நான் சந்தோஷப்பட்டேன். இருவரும் பஸ் ஏறி விழுப்புரம் போனோம். பட்டறை கோயில் கர்ப்பகிருகம்போலச் சுத்தமாக இருந்தது. ஹோல்டர் சுவிட்சைப் போட்டார். மிஷின் ஒரு வண்டுபோல மெல்ல ரீங்கரித்தது. ராடை இரும்பில் வைத்தார். நெருப்பு அழகாகப் பிடித்தது. அரையடி தூரம் போயிருக்கும்.

"ரேஸுக்கா!" என்று கத்தினார்.

யாரும் இல்லை. ரேஸ் தேவையும் இல்லை. நெருப்பு தன்பாட்டுக்கு எரிந்தது. அவர் மீதியை மெல்ல அடித்து முடித்தார். கண்ணாடியைத் தூக்கினார். நான் எட்டிப் பார்த்தேன். செதில் செதிலாக, குற்றமே சொல்ல முடியாத வேலை. அவர் அதைச் சுத்தியலால் தட்டினார். மறுபடி தட்டினார். யாராவது ஏதாவது சொல்வார்களா என்பதுபோல நின்றார்.

"எப்படி இருக்குது?" என்று கேட்டேன்.

"இதுல கோளாறு இருக்குது சார்."

"இன்னா கோளாறு?"

"நல்லா அடிச்சேனா, கெட்டு அடிச்சேனான்னு எனக்கே தெரியல." சாவியை மேஜைமேல் வைத்தார். "வேணாம்னு சொல்லிடுங்க. கரண்ட்டு ஒத்துக்கலைன்னு சொல்லுங்க."

திரும்பும் பஸ்ஸில் திண்டிவனத்துக்கு இரண்டு டிக்கெட் எடுத்தேன். விக்கிரவாண்டி தாண்டும்வரை அவர் ஜன்னல் கம்பியின் ஜாயின்ட்டை விரலால் தடவிக்கொண்டே வந்தார். அப்புறம், "வெயிலு பாத்தீங்களா? ரேடியேட்டருக்குத் தண்ணி ஊத்தியிருக்காது. சொன்னாக் கேக்காது அந்தம்மா" என்றார். சற்று நேரம் கழித்து, "பெல்ட்டு வேற லூசா கெடக்குது" என்றார். மயிலம் பிரிகிற கூட்டேரிப்பட்டில் பஸ் நிற்கும் முன்பே எழுந்துவிட்டார். என்னிடம் சொல்லிக்கொள்ளவில்லை. இறங்கி, வெயிலில், மயிலம் ரோட்டில் விறுவிறுவென்று நடந்தார்.

அவருடைய டிக்கெட் என் கையிலேயே இருந்தது. காலியான இடத்தில் என் துண்டைப் போட்டு வைத்தேன். ஏறிய கூட்டத்தில் எத்தனையோ பேர் கேட்டார்கள். திண்டிவனம் வரைக்கும், ஆள் வருது என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.